தொடுகோடும் சாய்வும்: உங்கள் கேள்விகள்

ஒய் = எக்ஸ்² வளைவரைக்கு எக்ஸ் = 3-இல் சாய்வு கேட்டார்கள். 3-ஐப் போட்டால் 9, அதை வகையிட்டால் 0. விடை 6 என்கிறார்களே? (அம்பாசமுத்திரம்)

முதலில் வகையிடுங்கள், அதாவது எந்த இடத்திலும் சாய்வைத் தரும் கோவையைக் (வகைக்கெழுவை) கண்டுபிடியுங்கள். அப்புறம் பிரதியிடுங்கள். 2எக்ஸ் வந்த பிறகுதான் 3 உள்ளே போக வேண்டும். எண்ணை முன்னாலேயே போட்டுவிட்டால் அது மாறிலி. மாறிலியை வகையிட்டால் பூஜ்ஜியம்தான் வரும்.

சைன் எக்ஸுக்கு ஆதியில் (எக்ஸ் = 0) சாய்வு 1 வர வேண்டும். கால்குலேட்டரில் சைன் 0.01-ஐ 0.01-ஆல் வகுத்தால் 0.017 வருகிறது. (களக்காடு)

கால்குலேட்டர் பாகையில் இருக்கிறது, ரேடியனுக்கு மாற்றுங்கள். அந்த 0.017 என்பது பையை 180-ஆல் வகுத்தது. தானே போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

தொடுகோடு வளைவரையை ஒரே புள்ளியில்தானே தொட வேண்டும்? எக்ஸ்³-க்கு (1, 1)-இல் நான் கண்ட தொடுகோடு வேறு இடத்திலும் வெட்டுகிறது. எங்கே தவறு? (வள்ளியூர்)

உங்கள் கணக்கு சரி. பத்தாம் வகுப்பில் வட்டத்துக்குச் சொன்னதை எல்லா வளைவரைக்கும் இழுத்து வந்ததுதான் தவறு. வருஷா வருஷம் இதோடு மல்லுக்கட்டுகிறேன்.

உங்கள் கோடு ஒய் = 3எக்ஸ் − 2. அது (−2, −8)-இல் வளைவரையை மறுபடி சந்திக்கும். சந்திக்கட்டும், நமக்கு (1, 1)-ஐ ஒட்டி நடப்பதுதான் பேச்சு. அங்கிருந்து வளைவரையின் பக்கத்துப் புள்ளிக்கு ஒரு நேர்கோடு போடுங்கள், அதுதான் வெட்டுக்கோடு. எக்ஸ் = 2 என்றால் சாய்வு 7; 1.1 என்றால் 3.31, 1.01 என்றால் 3.03. இப்படி நெருங்கிப் போய்ச் சேரும் மதிப்புக்கு எல்லை என்று பெயர். இங்கே அந்த 3-தான் தொடுகோட்டின் சாய்வு. இதே எக்ஸ்³-க்கு ஆதியில் தொடுகோடு எக்ஸ் அச்சு. தொட்ட இடத்திலேயே வளைவரை அதைக் கடந்து போகிறது. இன்னொன்றும் பாருங்கள்: எக்ஸ்²-ஐ எந்த நிலைக்குத்துக் கோடும் ஒரே புள்ளியில்தான் வெட்டும். அதைத் தொடுகோடு என்பீர்களா?

நான் படித்தபோது, ‘தேர்வுக்கு வராது’ என்று சொல்லி எல்லை பாடத்தைத் தாண்டிப் போனார்கள். கல்லூரிக்குப் போய்த்தான் அந்த ஓட்டையை அடைத்தேன். தயவுசெய்து எல்லையை விடாதீர்கள். சூத்திரம் மறந்தாலும், எல்லை தெரிந்தால் திரும்ப வருவித்துக்கொள்ளலாம்.

மட்டு எக்ஸுக்கு (கழித்தல் குறியை விட்டுவிட்ட எக்ஸ்) ஆதியில் இடப்பக்கச் சாய்வு −1, வலப்பக்கம் 1. சராசரி 0 என்று எழுதலாமா? (சேரன்மகாதேவி)

கூடாது. இரண்டும் சமமாக இருந்தால்தான் வகைக்கெழு உண்டு.

பயிற்சியில் ஏழாவது கணக்கு வரவில்லை. விடை அனுப்பவும். (பாளையங்கோட்டை)

எந்தப் பயிற்சி? எந்தச் சார்பு? எதுவரை போட்டீர்கள்? இதையெல்லாம் எழுதாமல் அனுப்பினால் நான் என்ன செய்வது தம்பி? போட்டதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

மகள் ராத்திரியெல்லாம் வகைக்கெழு போடுகிறாள். இதனால் என்ன பயன்? (முக்கூடல்)

பேப்பரில் பாபநாசம் அணை நீர்மட்டம் பார்ப்பீர்கள் இல்லையா? நேற்றுக் காலை 100 அடி, இன்றைக்கு 104 அடி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 4 அடி என்பது சராசரி, அதாவது வெட்டுக்கோட்டின் சாய்வு. ஆனால் மழை நடுராத்திரியே ஓய்ந்திருந்தால், இன்று காலை ஏற்றம் அநேகமாக நின்றிருக்கலாம். அந்த நேரத்து வேகம்தான் தொடுகோட்டின் சாய்வு. 143 அடி கொள்ளளவை நெருங்கும்போது, மதகைத் திறப்பதா என்று முடிவெடுக்க அந்த வேகம்தான் வேண்டும். மகள் போடட்டும், ஆனால் தூங்கவும் செய்யட்டும்.

எக்ஸ்² பெருக்கல் எக்ஸ்³. தனித்தனியாக வகையிட்டுப் பெருக்கினால் 6எக்ஸ்³. சரியா? (நாங்குநேரி)

தவறு. பெருக்கினால் எக்ஸ்⁵, அதன் வகைக்கெழு 5எக்ஸ்⁴. பெருக்கல் விதியிலும் அதுவேதான் வரும். சந்தேகம் இருந்தால் எக்ஸ் = 1 போட்டுப் பாருங்கள்: உங்களுக்கு 6, எனக்கு 5. போடுவது வகையிட்ட பிறகு.