விரதம் இருக்கும் கூட்டாளியைக் கிண்டலடித்தது தப்பா?

பினாங்கில் தைப்பூச விரதம் இருக்கும் கூட்டாளியிடம் "முருகன் சம்பளம் ஏத்திக் கொடுப்பாரா?" என்று கேட்டீர்கள், அவர் முகம் வாடிவிட்டது. இதுதானே விஷயம்?

கிண்டலே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையில் 500க்கும் மேற்பட்ட படிகள் ஏறி இறங்கியவர்களே மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்து தங்கள் கால்வலியையும் கோழிப் பிரியாணி ஏக்கத்தையும் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

நேர்த்திக்கடன் அப்படியில்லை. அம்மாவின் ஆபரேஷன், பிள்ளை வரம் என்று ஏதாவது பின்னால் இருக்கும். பலர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "சம்பளம்" என்றதும் அந்த வேண்டுதலையே பேரமாக்கிவிட்டீர்கள். அதுவும் வேறு மதத்தவர் இருந்த மேசையில் என்றால் வலி இரட்டிப்பு. காவடியை வேடிக்கை பார்ப்பவர்கள் இங்கே ஏற்கெனவே நிறைய.

போலீஸ் வரை போகுமா என்ற பயம் வேண்டாம். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 298ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டுதான். ஆனால் அது மத உணர்வைப் புண்படுத்தவேண்டும் என்றே பேசுபவர்களுக்கு.

"அன்னிக்கு அப்படிச் சொன்னது சரியில்லடா" என்று தனியாகச் சொல்லுங்கள். வேண்டுதல் என்னவென்று மட்டும் துருவாதீர்கள்.