கொல்லையில் இறங்கிய குஞ்சு

கேள்வி: எங்கள் கொல்லையில் செம்பருத்திச் செடியில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. இன்று ஒரு குஞ்சு தரையில் தத்துகிறது, பறக்க வரவில்லை. அட்டைப்பெட்டியில் வைத்துப் பால்சோறு கொடுக்கலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: பெட்டியும் வேண்டாம், பால்சோறும் வேண்டாம். குஞ்சுக்கு உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக இருக்கிறதா? விரலை நீட்டினால் காலால் இறுகப் பற்றுகிறதா? அப்படியானால் அது தவறி விழுந்ததல்ல, தானே கூட்டை விட்டு இறங்கியது. கொண்டைக்குருவிக் குஞ்சுகள் நன்றாகப் பறக்க வருமுன்பே வெளியேறிவிடும். அதன்பிறகும் தாயும் தகப்பனும் தேடிவந்து பூச்சியும் பழமும் ஊட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் அவை கத்திக்கொண்டே இருக்குமே தவிர, இறங்கி வராது. வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாக ஒரு மணி நேரம் பாருங்கள்.

வெட்டவெளியில் இருந்தால் காக்கையும் வல்லூறும் விடாது. இரு கைகளாலும் மெல்ல அள்ளி, கூட்டுக்கு அருகிலேயே நாலைந்தடி உயரத்தில், இலை அடர்ந்த கிளையில் உட்கார வையுங்கள். கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கை. திரும்பவும் கீழே குதித்தால் புதர் நிழலில் விட்டுவிடலாம், ஆனால் எறும்பு மொய்க்காத இடமாக இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி, வாளிகளை மூடுங்கள். தத்தும் குஞ்சு அவற்றில் விழுந்தால் ஏற முடியாது. மிக முக்கியமாக, நாயையும் பூனையையும் சில நாள் கொல்லைப் பக்கம் விடாதீர்கள்.

வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றுகிற நீர் நுரையீரலுக்குள் போய்க் குஞ்சு மூச்சடைத்துச் சாகும். பால் பறவைக்குச் செரிக்காது. பாசத்தில் வளர்க்கலாம் என்று நினைக்கவும் கூடாது: நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைக் கூண்டில் வைப்பதை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

கேள்வி: இறகே முளைக்காத குஞ்சு விழுந்தால்?

பதில்: உடனே கூட்டில் வையுங்கள். கூடு பிய்ந்திருந்தால் அடியில் ஓட்டையுள்ள சிறு கூடையில் காய்ந்த புல்லைப் பரப்பி, அதே கிளையில், வெயில் படாமல் கட்டுங்கள். மழைநீர் தேங்கும் கொட்டாங்கச்சி உதவாது. பூனை கவ்விய குஞ்சு மட்டும் விதிவிலக்கு. வெளியில் காயமே தெரியாவிட்டாலும் பூனைப் பல்லின் கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். காற்றோட்டமுள்ள இருட்டுப் பெட்டியில் வைத்து அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்; ஆன்டிபயாடிக் தேவைப்படும்.