பயாப்சி வரும் முன்பே வைப்பு நிதியை உடைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. முப்பது வருடம் புகைபிடித்தவர், விட்டு எட்டு வருடமாகிறது. இருமல் இரண்டு மாதமாக நிற்காததால் எடுத்த சி.டி. ஸ்கேனில், வலது நுரையீரலின் மேல்பகுதியில் 2.6 செ.மீ. கட்டி இருப்பதாகவும், நடுமார்பில் நிணநீர் முடிச்சுகள் பெரிதாக இருப்பதாகவும் வந்திருக்கிறது. பெட் சி.டி. (உடலில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன்), பயாப்சி (திசுவை எடுத்து ஆய்வது) இரண்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் அலுவலகக் குழுக் காப்பீட்டில் அப்பாவும் இருக்கிறார். கையில் மூன்று மாதச் செலவுக்கான பணமும், முதிர்வுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கும் ஒரு வைப்பு நிதியும் இருக்கின்றன. அப்பாவுக்கென்று தனிச் சேமிப்பு உண்டு, அதைத் தொட மனம் வரவில்லை. ரிசல்ட் வருமுன் அவர் பெயரில் பெரிய தொகைக்குப் புது பாலிசி எடுத்துவிடு என்கிறான் தம்பி. வேலையை விட்டுவிட்டு அவரோடு இருந்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தம்பி சொன்ன புது பாலிசியை முதலில் கைவிடுங்கள். விண்ணப்பப் படிவத்தில், அண்மையில் ஏதேனும் பரிசோதனை செய்தீர்களா, செய்யச் சொல்லியிருக்கிறார்களா, அறிகுறி ஏதும் உண்டா என்று கேட்பார்கள். ‘ஆம்’ என்று எழுதினால் முடிவு தெரியும்வரை விண்ணப்பத்தை நிறுத்தி வைப்பார்கள். ‘இல்லை’ என்று எழுதினால் அது பொய்த் தகவல். சி.டி. அறிக்கையில் தேதி அச்சாகியிருக்கிறது. க்ளெய்ம் போகும்போது காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்டு வாங்குவதே அதைத்தான். ‘அப்போது பயாப்சி வரவில்லையே’ என்ற வாதம் எடுபடாது, ஏனென்றால் நோயின் பெயரை மட்டுமல்லாமல் தெரிந்த உண்மை எல்லாவற்றையும் சொல்லும் கடமை விண்ணப்பதாரருக்கு உண்டு. கட்டிய பிரீமியம் போகும், பாலிசியும் ரத்தாகும்.

அதற்குப் பதிலாகத் தம்பியிடம் வேறொரு வேலை கொடுங்கள். அப்பாவின் பழைய ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை எடுத்து, தீவிர நோய் இணைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பலரும் வாங்கிவிட்டு மறந்துபோன ஒன்று அது. இருந்தால், நோய் உறுதியானதும் மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும். மருத்துவமனை பில்லோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆனால் திசு ஆய்வு அறிக்கை இல்லாமல் கொடுக்க மாட்டார்கள். நோய் உறுதியான பின் குறிப்பிட்ட நாள், பல பாலிசிகளில் 30 நாள், உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். க்ளெய்ம் கொடுக்கக் கடைசி நாள் எது என்பதையும் அந்தப் பத்திரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

வைப்பு நிதியை இன்று உடைக்க வேண்டாம். எவ்வளவு தேவை, எப்போது தேவை என்று இப்போது யாருக்கும் தெரியாது. காசநோய், வேறு தொற்று, சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் ஆகியவையும் நிணநீர் முடிச்சுகளைப் பெரிதாக்கும். புற்றுநோயாகவே இருந்தாலும், அறுவை சிகிச்சையோடு முடியும் நிலைக்கும், வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடும் நிலைக்கும் பணம் போகும் வேகம் முற்றிலும் வேறு. முன்னதற்கு ஒரே நேரத்தில் பெரிய தொகை வேண்டும், பின்னதற்கு மாதாமாதம் நிற்காத வரவு வேண்டும். ஆகவே இந்த மூன்று, நான்கு வாரங்களுக்குப் பரிசோதனைச் செலவை மட்டும் கணக்கில் எடுங்கள். கையிலிருக்கும் மூன்று மாதப் பணத்தில் ஒரு மாதப் பங்கைத் தனியாக ஒதுக்குங்கள். அது போதாவிட்டால் வைப்பு நிதியை உடைக்காமல் அதன் மேல் கடன் கிடைக்குமா என்று வங்கியில் கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் வாங்கும் வட்டியைவிடச் சற்றே கூடுதலான வட்டிதான் இருக்கும், முன்கூட்டி உடைப்பதற்கான வட்டி இழப்பும் இல்லை. மருத்துவமனை முன்பணத்துக்குக் கிரெடிட் கார்டு சரி, அடுத்த பில் தேதிக்குள் முழுதும் கட்ட முடியும் என்றால் மட்டும்.

இனி பரிசோதனைகள். இந்தக் கட்டத்தில் குடும்பங்கள் அதிகம் இழப்பது ஒரே பரிசோதனையை இரண்டாம் முறை செய்வதில்தான். அதில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது.

செலவே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அப்பாவின் பழைய மார்பு எக்ஸ்ரே, சி.டி. எதுவானாலும் தேடி எடுங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய படத்திலும் அந்தக் கட்டி இதே அளவில் இருந்தால் மருத்துவர் போகும் பாதையே மாறலாம். இல்லாமலிருந்தாலும் எவ்வளவு வேகமாக வந்தது என்பது தெரியும். இப்போது எடுத்த சி.டி.யின் அச்சிட்ட பிலிம் மட்டும் போதாது. டைகாம் என்ற கணினி வடிவிலான முழுப் படங்களைக் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். இரண்டாம் கருத்துக்குப் போகும் இடத்தில் பிலிமை நீட்டினால், ‘இங்கே மறுபடி எடுத்துவிடலாம்’ என்ற பதில்தான் வரும்.

பெட் சி.டி.யைப் பெரும்பாலும் பயாப்சிக்கு முன்னால் எடுப்பது நல்லது. கழுத்திலோ வேறெங்கோ எளிதில் எட்டும் முடிச்சு ஒன்று அந்தப் படத்தில் ஒளிர்ந்தால், ஊசியை அங்கேயே போடலாம். நோயின் பெயரும் பரவலின் நிலையும் ஒரே முயற்சியில் தெரிந்துவிடும். வரிசையை மாற்றினால் இரண்டாவது பயாப்சிக்கு வாய்ப்பு கூடுகிறது. உங்கள் மருத்துவர் வேறு வரிசை சொன்னால் காரணம் கேளுங்கள், இருக்கலாம்.

பெட் சி.டி. அன்று நேரம் தவறக் கூடாது. அதற்குச் செலுத்தும் ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க மருந்து 110 நிமிடத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும். உங்களுக்கென்று வரவழைத்த அளவை மறுநாளுக்கு வைக்க முடியாது, பணமும் திரும்பாமல் போகலாம். குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். முந்தைய நாளில் கடின உடலுழைப்பு வேண்டாம். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் முன்பதிவின்போதே சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரை 200 மி.கி.க்கு மேல் இருந்தால் பல மையங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கான்ட்ராஸ்ட் மருந்தும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் முடிவு கையில் இருக்கட்டும். அறிக்கையில் ‘ஒளிர்கிறது’ என்று வந்தாலே புற்றுநோய் என்று முடிவு கட்டிப் பணம் திரட்டக் கிளம்பாதீர்கள். காசநோயும் ஒளிரும்.

அடுத்தது பயாப்சி. பணமும் நாளும் அதிகம் சிக்குவது இங்கேதான். நடுமார்பு முடிச்சுகள் பெரிதாக இருப்பதால் ஈபஸ் என்ற முறை பொருந்துமா என்று கேளுங்கள். மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் கருவியை இறக்கி முடிச்சிலிருந்து திசு எடுப்பார்கள். கட்டியிலேயே சி.டி. பார்த்தபடி ஊசி போடுவது இன்னொரு வழி. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும், சிலருக்குக் குழாய் போட்டு இரண்டு மூன்று நாள் தங்க வேண்டிவரும். காலையில் போய் மாலையில் திரும்பும் சிகிச்சை என்று சொல்லப்பட்டாலும் இரண்டு நாள் படுக்கைச் செலவை ஒதுக்கி வையுங்கள். அப்பா ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால், எந்த நாளில் நிறுத்துவது என்பதை அதை எழுதிக்கொடுத்த இதய மருத்துவரிடமே கேளுங்கள். கேட்காமல் போய் மேஜையிலிருந்து இறக்கிவிடப்பட்டால் ஒரு வாரமும் ஒரு கட்டணமும் வீண். நாமாகவே நிறுத்துவது அதைவிட ஆபத்து.

ஊசி போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “மரபணுப் பரிசோதனைக்கும் போதுமான அளவு திசு எடுப்பீர்களா?” புற்றுநோயா இல்லையா என்று சொல்லச் சில செல்கள் போதும். எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்ல அதைவிட நிறையத் தேவை. ‘திசு போதவில்லை’ என்ற அறிக்கை வந்தால் ஊசி, படுக்கை, காத்திருப்பு எல்லாம் மறுபடி முதலிலிருந்து. காசநோய்ச் சந்தேகமும் இருந்தால் ஒரு துண்டைத் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போடாமல் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலினில் விழுந்த திசுவில் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது.

திசு ஆய்வு அறிக்கை வரச் சுமார் ஒரு வாரம் ஆகலாம். சிறு செல் அல்லாத வகைப் புற்று என்று வந்தால் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ஆர்.ஓ.எஸ்.-1 போன்ற மரபணு மாற்றங்களும் பி.டி.-எல்.1 என்ற புரதத்தின் அளவும் பார்க்கப்படும். நுரையீரல் புற்றில் சுமார் 85 விழுக்காடு சிறு செல் அல்லாத வகைதான். ஒவ்வொன்றாகச் செய்தால் முதல் கட்டணம் குறைவாகத் தெரியும், திசுவும் வாரங்களும் கரையும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் என்.ஜி.எஸ். பரிசோதனைக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். எது சிக்கனம் என்று மருத்துவரிடமே கேளுங்கள். சில நாடுகளில் மருந்து நிறுவனங்களே இந்தப் பரிசோதனைக் கட்டணத்தை ஏற்கும் திட்டங்கள் உண்டு, அதையும் விசாரியுங்கள். ‘புகைபிடித்தவர்தானே, இது எதற்கு’ என்று தவிர்க்காதீர்கள். அந்த மாற்றங்கள் புகைபிடிக்காதவர்களிடம் அதிகம் என்றாலும் மற்றவர்களிடமும் இருக்கின்றன. ரத்தத்தில் பார்க்கும் ‘திரவ பயாப்சி’யில் மாற்றம் தெரிந்தால் பயன்படும். தெரியாவிட்டால் இல்லை என்று பொருளாகாது, திசுவுக்குத் திரும்ப வேண்டும்.

திசுவை மெழுகில் பதித்த கட்டையும் கண்ணாடிச் சில்லுகளும் ஆய்வகத்தில் இருக்கும். இரண்டாம் கருத்துக்கு அவற்றையே ரசீது எழுதிக் கொடுத்து வாங்கிப் போகலாம். புது பயாப்சி வேண்டாம்.

மூளை எம்.ஆர்.ஐ., நுரையீரல் திறன் பரிசோதனை ஆகியவை அடுத்த கட்டத்தில் வரும். திறன் பரிசோதனையின் அவசியம் பெரும்பாலும் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு பற்றிப் பேசும்போதுதான்.

மரபணு முடிவுக்காக இவ்வளவு வலியுறுத்துவதற்குப் பணக் காரணமும் உண்டு. சிகிச்சை மருத்துவமனையில் ஏற்றும் மருந்தா, வீட்டில் விழுங்கும் மாத்திரையா என்பதை அதுதான் தீர்மானிக்கும். பல காப்பீடுகள் முதலாவதைத் தாராளமாகவும் இரண்டாவதை அரைகுறையாகவும் ஏற்கும், சில ஏற்பதே இல்லை. அந்தப் பதில் வந்த பிறகு வைப்பு நிதியைப் பற்றிப் பேசலாம்.

இப்போதே உங்கள் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். பெற்றோருக்கான தொகை எவ்வளவு, மீதி எவ்வளவு? முன்பே இருந்த நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா? புறநோயாளியாகச் செய்யும் பெட் சி.டி.க்குப் பணம் வருமா? வீட்டில் சாப்பிடும் புற்றுநோய் மாத்திரைக்கு? பல பாலிசிகளில், பரிசோதனை செய்த 30 அல்லது 60 நாளுக்குள் அதே நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தப் பரிசோதனைச் செலவையும் கேட்டு வாங்கலாம். ஆகவே ஒவ்வொரு பில்லுக்கும், பரிசோதனைக்கு முன்பே மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு ஒன்று இருக்க வேண்டும். சீட்டில்லாத பில்தான் முதலில் கழிக்கப்படும். ‘பணம் கிடைக்கட்டும், ஒருநாள் அட்மிட் ஆகி டெஸ்ட் எடுங்கள்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பரிசோதனைக்காக மட்டுமே சேர்ந்தது என்று முழு க்ளெய்மையும் தள்ளிவிட இடமுண்டு.

மருத்துவமனைக் குறிப்புகளில் நோய் வரலாற்றுப் பத்தியை அங்கேயே படித்துப் பாருங்கள். ‘இரண்டு மாத இருமல்’ என்பது அவசரத்தில் ‘இரண்டு வருட இருமல்’ ஆகிவிட்டால், பழைய நோய் என்று அதைக் காட்டியே மறுப்பார்கள். தவறாக இருந்தால் அன்றே திருத்தச் சொல்லுங்கள். முப்பது வருடப் புகைப்பழக்கம் உண்மை, அது அப்படியே இருக்கட்டும்.

வேலையை விட வேண்டாம். நீங்கள் விலகும் நாளில் குழுக் காப்பீட்டில் அப்பாவின் இடமும் பொதுவாக முடிந்துவிடும். இந்த வயதில், இந்த அறிக்கையோடு, வேறு காப்பீடு கிடைப்பது மிகக் கடினம். விடுப்பு, அரைச் சம்பள விடுப்பு, வீட்டிலிருந்து வேலை என்று எதைக் கேட்க முடியுமோ கேளுங்கள். பெட் சி.டி., பயாப்சி, முடிவு கேட்கும் நாள் ஆகிய மூன்றுக்கும் நீங்கள் இருந்தால் போதும், இடைப்பட்ட நாட்களைத் தம்பி பார்க்கட்டும். யார் எந்த பில்லைக் கட்டினார்கள் என்று இருவரும் பார்க்கும் ஒரே கணக்குத் தாளை இன்றே தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து ஞாபகத்திலிருந்து பிரித்தால் சண்டைதான் வரும்.

கடைசியாக அப்பாவின் சேமிப்பு. தொட மனம் வரவில்லை என்கிறீர்கள். நோய்க்கும் முதுமைக்கும் என்றுதான் அவர் சேர்த்திருப்பார். உங்கள் ஓய்வூதிய நிதியில் கைவைப்பதற்கு முன் அது வரட்டும். ஆனால் அவர் பணத்தைப் பற்றி அவரைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது. என்ன பரிசோதனை, எதற்கு என்பது அவருக்கும் தெரிய வேண்டும். பெட் சி.டி. தேதி வருமுன் அவரோடு உட்கார்ந்து, எந்த வங்கியில் என்ன இருக்கிறது, நியமனதாரர் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கணக்கையாவது உங்கள் இருவரில் ஒருவர் இயக்கும்படி கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். அதிகாரப் பத்திரம் எழுதுவதானால் அவர் தெளிவாக இருக்கும்போதே எழுத வேண்டும். அவர் சுயநினைவு இழந்தாலும் அது செல்லுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டபின் கையெழுத்து வாங்குங்கள், எல்லா இடத்திலும் செல்லாது. வங்கியின் ஓ.டி.பி. எந்த எண்ணுக்கு வருகிறது என்றும் பாருங்கள். மயக்க மருந்து கொடுத்த நாளில் அந்த போன் அவர் சட்டைப் பையில் பூட்டிக் கிடந்தால், கணக்கில் பணம் இருந்தும் முன்பணம் கட்ட முடியாது.