கிணற்றடித் தொட்டியில் வெள்ளை நுரை: இது எந்தத் தவளை?

யாழ்ப்பாணம் கோண்டாவில் வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் கிணற்றடித் தொட்டிச் சுவரில், தண்ணீருக்குச் சற்று மேலே, சவர்க்கார நுரை போல ஒன்று ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு தவளை. இரவில் மண்ணிறம், பகலில் வெள்ளை. மலைநாட்டில் திரும்பக் கிடைத்த நட்சத்திரத் தவளையா இது? தொட்டியைக் கழுவலாமா?"

கழுவுவதை ஒரு கிழமை தள்ளிப்போடுங்கள். நுரைக்குள் முட்டைகள் இருக்கின்றன.

ஆனால் இது நட்சத்திரத் தவளை அல்ல. அதை 1853-இல் கெலார்ட் என்ற மருத்துவர் விவரித்தார். பிறகு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. அற்றுப்போனது என்றே நினைத்திருந்தார்கள். 2009-இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் கிடைத்தது. பச்சை உடம்பில் வெளிறிய பெரிய புள்ளிகள். அந்த வகைப் புதர்த்தவளைகள் நுரை கட்டுவதில்லை, அவற்றுக்கு வாற்பேத்தைப் பருவமும் இல்லை. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளியே வரும். அதற்கு முட்டை காயாத ஈரம் வேண்டும். மூடுபனிக் காட்டில் அது உண்டு. மாரியில் கொட்டிவிட்டு மாதக்கணக்கில் காயும் நம் சுண்ணாம்புக்கல் மண்ணில் ஏது?

உங்கள் கிணற்றடியில் இருப்பது சாதாரண மரத்தவளை. டோர்ச் அடித்துப் பின்தொடையைப் பாருங்கள்: கருமையில் மஞ்சள் பொட்டுகள் தெரியும். பகலில் கால்களை உடம்போடு மடக்கி, வெளிறிப்போய்ச் சுவரில் ஒட்டியிருப்பது வெயிலைத் தாங்கத்தான். பெண் தவளை பின்னங்கால்களால் அடித்து அடித்து அந்த நுரையை எழுப்புகிறது. வெளிப்பக்கம் காய்ந்து தோலாகிவிடும்; உள்ளே ஈரம் நிற்கும். எனக்கு இது எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத வேலை.

சில நாட்களில் வாற்பேத்தைகள் நேரே கீழே விழும். தொட்டித் தண்ணீர் உங்களுக்குத் தேவையென்றால், அதை இறைத்துவிட்டு நுரைக்கு நேர் கீழே கிணற்றுத் தண்ணீரோடு ஒரு பேசின் வையுங்கள். குளோரின் போட்ட தண்ணீர் வேண்டாம். விழுந்ததும் நிழலான இடத்துக்கு மாற்றிவிடலாம். தவளையாக ஒன்றரை, இரண்டு மாதம் எடுக்கும். கால் முளைத்ததும் ஏறிப்போக ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிவிடும்.

விஷப்பயம் வேண்டாம், தொட்டால் கையைக் கழுவுங்கள், போதும். விரட்டுவதற்காகத் தவளை மேல் உப்பு மட்டும் போடாதீர்கள். அதன் தோல் வழியே உடம்பின் நீரை உப்பு இழுத்துவிடும், துடித்துச் சாகும். "தேரை மோந்த தேங்காய்" என்பதும் வீண்பழிதான். மகரந்தம் சரியாகச் சேராவிட்டாலும் சத்துக் குறைந்தாலும் காய் அப்படிப் பருப்பில்லாமல் ஆகும். வீட்டுக்குள் வருவதுதான் தொல்லையென்றால், கழிவறைக் காற்றுக்குழாய் வாயில் ஒரு துண்டு நுளம்புவலையைக் கட்டிவிடுங்கள்.