ஒரே தட்டில் ஜார் முத்திரையும் அரிவாள் சுத்தியலும்: போலியா?

கேள்வி: ஏலத்தில் ஒரு பழைய ரஷ்யத் தட்டு வாங்கினேன். பின்பக்கம் நீலத்தில் அரிவாள் சுத்தியல், 1921 என்ற ஆண்டு. பக்கத்திலேயே பச்சையில் கிரீடம் வைத்த ஜார் முத்திரை. ஏமாந்துவிட்டேனா? இதில் சாப்பிடலாமா?

பதில்: இரண்டு முத்திரை இருப்பதால் மட்டும் போலி ஆகிவிடாது, அந்தக் காலத் தட்டுகளில் அது சகஜம். பீட்டர்ஸ்பர்க்கில் 1744-லிருந்து நடந்துவந்த அரச பீங்கான் ஆலையை 1918-ல் புரட்சி அரசு எடுத்துக்கொண்டபோது, சூளையில் சுட்டு முடித்து ஓவியம் மட்டும் தீட்டாத வெள்ளைத் தட்டுகள் கிடங்கில் குவிந்து கிடந்தன. கலைப் பொறுப்புக்கு வந்த செர்கெய் செஹோனினும் மற்ற ஓவியர்களும் அவற்றின் மேலேயே முழக்கங்களைத் தீட்டினார்கள். ஜார் காலத்துத் தட்டில் லெனின் படத்தைப் போட்டு, விளிம்பில் 'உழைக்காதவனுக்குச் சாப்பாடு இல்லை' என்று மிஹயீல் அதாமோவிச் எழுதினார் என்றால் பாருங்களேன்! பழைய முத்திரையைச் சில தட்டுகளில் முட்டை வடிவத்தில் வண்ணம் பூசி மறைத்தார்கள், சிலவற்றில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பச்சை முத்திரை வெள்ளைத் தட்டின் வயதைத்தான் சொல்லும், ஓவியத்தின் வயதைச் சொல்லாது. நிஜமான பழைய தட்டை வாங்கி நேற்று ஓவியம் தீட்டியிருக்கலாம், நீல முத்திரையும் மேல்பூச்சுக்கு (தட்டின் கண்ணாடி போன்ற பளபளப்புப் பூச்சுக்கு) மேலே போடுவதுதான் என்பதால் அதையும் சேர்த்தே போட்டிருக்கலாம். ஆகவே முத்திரையை விட்டுவிட்டு ஓவியத்தைப் பாருங்கள். பூதக்கண்ணாடியோடு தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கத்தி, கரண்டி கீறல்கள் எங்கே போகின்றன என்று கவனியுங்கள். கீறல் வண்ணத்தையும் சேர்த்து அறுத்திருந்தால் நல்லது. வண்ணத்துக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தால், யாரோ சாப்பிட்டுப் புழங்கிய தட்டில் பிறகு தீட்டியது அது. தங்கப்பூச்சு விளிம்பில் கொஞ்சம்கூடத் தேயாமல் மின்னினாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

சாப்பிடுவதா, வேண்டாம். மேல்பூச்சுக்கு மேலே தீட்டும் வண்ணங்களில் ஈயம் இருக்கலாம், புளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்து எடுக்கும். அந்த நாளிலேயே இவற்றில் பெரும்பாலானவை கண்காட்சிக்கும் வெளிநாட்டு விற்பனைக்கும்தான் போயின. மைக்ரோவேவ் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கம்பிக் கொக்கியில் மாட்டினால் விளிம்பு பெயரும், மரத் தாங்கியில் வையுங்கள்.

அப்புறம், ஏலக்காரரிடம் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.