பால்டோவும் மற்ற நாய்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கோவில்பட்டி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. தடுப்பூசிகள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், அலாஸ்காவில் நோம் என்ற ஊருக்கு நாய்வண்டிகளில் மருந்து போன கதையை இரண்டு வரியில் சொல்லியிருந்தீர்கள். அதை இணையத்தில் தேடிப் படித்து ஆறாம் வகுப்பில் கதையாகச் சொன்னேன். பால்டோ என்ற நாய்க்கு நியூயார்க்கில் சிலை இருக்கிறது என்று முடித்தபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு பையன் மட்டும் எழுந்து, "நூத்தம்பது நாய் ஓடுச்சுன்னு சொன்னீங்களே டீச்சர், ஒரு நாய்க்கு மட்டும் ஏன் சிலை?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிவிட்டது.

அந்த ஓட்டத்தின் நினைவாக இன்றும் ஆயிரம் மைல் நாய்வண்டிப் பந்தயம் நடக்கிறதாம். அதை வீரம் என்று சிலரும் வதை என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

அன்புடன்,
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள டீச்சர்,

உங்கள் மாணவன் கேட்ட கேள்வியை 1925-இலேயே ஒருவர் மனம் நொந்து கேட்டார். அவர் பெயர் லியோன்ஹார்ட் செப்பலா. அந்த மருந்தைக் கொண்டுபோன நாய்வண்டிக்காரர்களில் ஒருவர். பால்டோ அவர் வளர்த்த நாய்தான். அவர் வருத்தத்தைப் புரிந்துகொள்ள, கதையை நீங்கள் வகுப்பில் சொன்னதைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

நோம் பேரிங் கடலோரத்தில் இருக்கிறது. கடல் உறைந்துவிட்டால் வசந்தம் வரை கப்பல் கிடையாது. அந்த ஜனவரியில் அங்கே டிப்தீரியா பரவியது. நம் கிராமங்களில் தொண்டை அடைப்பான் என்பார்கள். முத்தடுப்பு ஊசி வந்த பிறகு நாம் மறந்துவிட்ட நோய். ஊரில் இருந்த ஒரே மருத்துவர் கர்டிஸ் வெல்ச்சின் கையிருப்பு மருந்து காலாவதி ஆகியிருந்தது. அவர் தந்தி அடித்தார். ஆங்கரேஜ் மருத்துவமனையில் 3 லட்சம் யூனிட் மருந்து கிடைத்தது. அதை ரயிலில் நெனானா வரை கொண்டுவந்துவிட்டார்கள். அங்கிருந்து நோம் 674 மைல், ஏறக்குறைய 1,085 கிலோமீட்டர். விமானத்தில் அனுப்பலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அன்றைய விமானங்களில் ஓட்டுபவர் திறந்தவெளியில்தான் உட்கார வேண்டும். அந்தக் குளிரில் அது நடக்காது என்று ஆளுநர் நாய்களைத் தேர்ந்தெடுத்தார்.

ஜனவரி 27 இரவு முதல் வண்டி கிளம்பியது. 20 பேர் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் மருந்தைச் சேர்த்தார்கள். சாதாரணமாக அஞ்சல் போய்ச்சேர மூன்று நான்கு வாரம் ஆகும் வழி அது.

செப்பலாவின் வண்டியில் முன்னோடி நாய், அதாவது எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடி வழிகாட்டும் நாய், டோகோ. 12 வயது. வண்டி இழுக்கும் நாய்க்கு அது கிழப்பருவம். மருந்தை வாங்க நோமிலிருந்து எதிர்த்திசையில் கிளம்பிய செப்பலா, வழியில் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பினார். நார்ட்டன் விரிகுடாவைச் சுற்றிப் போனால் நேரமாகும் என்று உறைந்த கடல்மீதே இருட்டில், புயலில் ஓட்டினார். சில மணி நேரத்தில் அந்தப் பனிப்பாளம் உடைந்து கடலோடு போனது. மருந்தோடு மட்டும் அவர் ஓடியது 91 மைல். போனதும் வந்ததும் சேர்த்தால் சுமார் 260 மைல். வேறு யாரும் இதில் பாதிகூட ஓடவில்லை.

கடைசிக் கட்டத்தை ஓட்டியவர் குன்னார் காசன். அவர் வண்டியில் முன்னால் ஓடியது பால்டோ. காசனையும் குறைத்துச் சொல்லக்கூடாது. முன்னால் ஓடும் நாய் கண்ணுக்குத் தெரியாத அளவு பனிப்புயல். ஓரிடத்தில் வண்டி கவிழ்ந்து மருந்துப் பெட்டி பனிக்குள் விழுந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் துழாவி எடுத்தார். பிப்ரவரி 2 விடியற்காலை நோமுக்குள் நுழைந்தது பால்டோ. நுழைந்தவன் பெயரைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அதே வருஷம் டிசம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை வந்துவிட்டது.

ஆனால் டீச்சர், டோகோவா பால்டோவா என்று இன்றும் நடக்கும் சண்டையில் எனக்கு மனம் ஒட்டவில்லை. என் மனம் நிற்பது சார்லி இவான்ஸ் என்ற இளைஞரிடம். யூகான் ஆற்றோரத்து ஊர்க்காரர். அவருக்குக் கிடைத்தது 30 மைல். குளிர் மைனஸ் 50 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. முன்னோடி நாய்கள் இரண்டும் உறைபனிக்கு ஆளாகிச் சுருண்டன. இவான்ஸ் அவற்றைத் தூக்கி வண்டியில் போட்டார். அப்புறம் தானே முன்னால் போய் வாரைத் தோளில் மாட்டி, மிச்ச நாய்களோடு சேர்ந்து இழுத்தார். நுலாட்டோ வந்தபோது அந்த இரண்டு நாய்களுக்கும் உயிர் இல்லை.

அந்த 20 பேரில் பெரும்பகுதி இவரைப் போன்ற அத்தபாஸ்கன் முதலிய பூர்வகுடிகள், அஞ்சல் வண்டி ஓட்டிப் பிழைத்தவர்கள். அவர்களைத் தேடி எந்தப் பத்திரிகைக்காரரும் போகவில்லை. வழியின் கடைசிக் கோடியில் தந்தி நிலையம் இருந்தது, அதனால் கடைசி வண்டி செய்தியானது. இதில் பால்டோவின் தவறு எதுவும் இல்லை. அதுவும் கொஞ்ச நாளில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு காட்சிக்கூடத்தில் காசு வாங்கிக் காட்டும் பொருளாகிவிட்டது. கிளீவ்லாந்து நகரத்தில் பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஊரே காசு சேர்த்து அதை மீட்டு, 1927-இல் தங்கள் ஊர் விலங்குக் காட்சி சாலைக்குக் கொண்டுவந்தது. இதை அவசியம் உங்கள் வகுப்பில் சொல்லுங்கள்.

அடுத்தது பந்தயம். நோமுக்கு மருந்து போன நினைவாகத்தான் அது தொடங்கியது என்று பல இடங்களில் எழுதியிருக்கும். பாதிதான் சரி. நோமில் பந்தயம் அதைவிடப் பழசு. தங்கம் தேடி வந்தவர்கள் 1908-இல் நோமிலிருந்து கேண்டில் வரை போய்த் திரும்பும் 408 மைல் பந்தயத்தைத் தொடங்கினார்கள். பெயர் ஆல் அலாஸ்கா ஸ்வீப்ஸ்டேக்ஸ். செப்பலா அதில் 1915 முதல் 1917 வரை மூன்று முறை தொடர்ந்து வென்றவர். அதில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. எத்தனை நாயோடு கிளம்பினாயோ அத்தனையோடும் திரும்ப வேண்டும். களைத்த நாயை வழியில் விட முடியாது, வண்டியில் ஏற்றிச் சுமந்து வர வேண்டும்.

இன்றைய பந்தயத்தின் பெயர் ஐடிடராட். அதைத் தொடங்கிய ஜோ ரெடிங்டனுக்கு வேறு கவலை இருந்தது. 1960-களில் பனியில் ஓடும் இயந்திர வண்டிகள் ஊர் ஊராக வந்தன. வீட்டுக்கு வீடு பின்கட்டில் இருந்த நாய்கள் காணாமல் போகத் தொடங்கின. இயந்திரத்துக்கு ஓடும்போது மட்டும் எண்ணெய் போதும், நாய்க்கு ஓடாத நாளிலும் மீன் போட வேண்டும். நாய்வண்டியில் அஞ்சல் கொண்டுபோன கடைசித் தடமும் 1963-இல் நின்றது. ரெடிங்டன் தன் கண்முன்னால் ஒரு வாழ்க்கை முறை அழிவதைப் பார்த்தார். டோரதி பேஜ் என்ற பெண்மணி, பழைய ஐடிடராட் தடத்தில் ஒரு பந்தயம் வைக்கலாம் என்ற யோசனையோடு வந்தபோது பிடித்துக்கொண்டார். 1967-இல் சின்னதாக ஒன்று நடத்தினார்கள். 1973 மார்ச்சில் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை முழுத் தூரம். வழியிலேயே செத்துப் போவார்கள் என்று பலர் சொன்னார்கள். 34 பேர் கிளம்பினார்கள், 22 பேர் போய்ச் சேர்ந்தார்கள். டிக் வில்மார்த் 20 நாளில் வென்றார். 2017-இல் மிட்ச் சீவி எடுத்துக்கொண்டது 8 நாள் 3 மணி நேரம்.

ரெடிங்டன் 80 வயதில்கூடப் பந்தயம் ஓடி முடித்தார், ஒருமுறையும் வென்றதில்லை. 1999-இல் அவர் இறந்தபோது தனக்குப் பிரியமான சறுக்குவண்டியிலேயே வைத்துப் புதைத்தார்கள். 2023-இல் அவர் பேரன் ரயன் வென்றார். அதைவிட எனக்கு மகிழ்ச்சியான வெற்றி, 2011-இல் கொட்செபூ ஊர்க்காரர் ஜான் பேக்கருடையது. இனுபியாக் மக்களிலிருந்து வென்ற முதல் ஆள் அவர்தான். அந்த நாய்களை ஆயிரக்கணக்கான வருஷம் வளர்த்துக் காத்த மக்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் ஜெயிக்க 38 வருஷம் ஆயிற்று.

சரி, வதையா இல்லையா?

முதலில் ஒன்று. இந்த வண்டியில் கடிவாளம் கிடையாது. ஓட்டுபவரை மஷர் என்பார்கள். அவருக்கும் முன்னோடி நாய்க்கும் நடுவில் இருப்பது குரல் மட்டும்தான். ஜீ என்றால் வலது, ஹா என்றால் இடது. நாய்கள் படுத்துவிட்டால் பந்தயம் அங்கேயே முடிந்தது. இதனால்தான் தங்குமிடங்களில் நடப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்கிறேன். மஷர் வந்து சேர்ந்ததும் தனக்கு எதுவும் தேடுவதில்லை. இழுவைக் கயிற்றைக் கழற்றி விடுகிறார். வைக்கோலை உதறிப் பரப்புகிறார். நாய்கள் அதில் இரண்டு சுற்றுச் சுற்றிச் சுருண்டு படுக்கின்றன. பிறகு ஒவ்வொரு நாயிடமும் மண்டியிட்டு, நாலு காலிலும் இருக்கும் துணிக்காலுறையைக் கழற்றி, விரல்களுக்கு நடுவில் பார்த்து, மருந்து தடவி, மணிக்கட்டைப் பிடித்துவிடுகிறார். பத்துப் பன்னிரண்டு நாய் என்றால் ஐம்பது கால். பனியை உருக்கித் தண்ணீராக்கி, கொழுப்பும் இறைச்சியும் போட்டுக் காய்ச்சி ஊற்றுகிறார். ஒரு நாளைக்கு ஒரு நாய் பத்தாயிரம் கலோரிக்கு மேல் சாப்பிடும். எல்லாம் முடிந்து அவர் கண்ணை மூடுவது ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ. கிளம்பும்போது திரும்பவும் ஐம்பது காலுறை.

கிளம்பும் இடத்தில் அந்த நாய்கள் குதித்துக் கத்துவதைக் காணொளிகளில் பார்க்கலாம். பிடித்துக்கொள்ள ஆட்கள் வேண்டும். கயிற்றை விட்டதும் ஒரே அமைதி, ஓட்டம் மட்டும்தான். ஓட வேண்டும் என்ற ஆசை அவற்றின் உடம்பில் இருக்கிறது. இதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

ஆனால் ஆசை இருப்பதாலேயே எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியும் என்று ஆகாது. அது மனிதன் வேலை. மனிதர்கள் தவறியிருக்கிறார்கள். 1973-இன் முதல் பந்தயத்தில் பத்துக்கும் மேற்பட்ட நாய்கள் செத்தன. இன்று பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு நாய்க்கும் இதயப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை உண்டு. தங்குமிடங்களில் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். களைத்த நாயைக் குட்டி விமானத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். இருந்தும் 2024-இல் மூன்று நாய்கள் பந்தயத்தில் இறந்தன. 2022-இல் கடும் புயலில் நாய்களைத் தங்கும் குடிலுக்குள் கூட்டிப்போனவர்களுக்குத் தண்டனை கொடுத்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு அனுகூலம் கிடைத்துவிட்டதாம். அது தவறு என்று எனக்குச் சந்தேகமில்லாமல் படுகிறது. புயலில் நாயை உள்ளே சேர்ப்பதைத் தடுக்கிற விதி, களைத்த நாயைச் சுமந்து வா என்று சொன்ன அந்த 1908-ஆம் வருஷத்து விதிக்குப் பின்னால் போய்விட்டது.

ஆகவே இரண்டையும் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்குவார்கள். கேள்வி கேட்ட பையன் நிச்சயம் தாங்குவான்.

அவனுக்காக இன்னொன்றும் சொல்கிறேன். முன்காலத்தில் அந்தத் தடத்தில் வழிப்போக்கர் விடுதிகள் இருந்தன. ஒரு மஷர் கிளம்பிவிட்டார் என்று செய்தி வந்தால் விடுதிக்கு வெளியே ஒரு மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி மாட்டுவார்கள். அவர் வந்து சேரும்வரை அதை அணைக்கமாட்டார்கள். இன்றும் பந்தயம் கிளம்பியதும் நோமில் முடிவுக்கோட்டு மர வளைவில் ஒரு விளக்கு ஏற்றுகிறார்கள். முதல் ஆள் ஜெயித்து, கூட்டம் கலைந்து, பல நாள் ஆனாலும் அது எரிகிறது. கடைசி ஆள் வந்துதான் அதை அணைப்பார். அவருக்குச் சிவப்பு விளக்கு ஒன்று பரிசு உண்டு. முதல் பந்தயத்தில் ஜான் ஷுல்ட்ஸ் 32 நாள் கழித்து வந்து வாங்கினார்.

சிலைக்கு வருவோம். சென்ட்ரல் பார்க்கில் நிற்கும் உருவம் பால்டோவினுடையது. ஆனால் கீழே உள்ள பலகையில், 1925 குளிர்காலத்தில் நெனானாவிலிருந்து நோமுக்கு மருந்தைக் கைமாற்றிக் கொண்டுபோன வண்டி நாய்கள் அனைத்தின் மனவுறுதிக்கும் சமர்ப்பணம் என்றுதான் எழுதியிருக்கிறது. டோகோவுக்கும் 2001-இல் அதே நகரத்தில் வேறொரு பூங்காவில் சிலை வைத்துவிட்டார்கள்.

எல்லா நாய்களின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. ஓட்டிய இருபது பேரின் பெயர்கள் இருக்கின்றன. கரும்பலகையில் அலாஸ்கா வரைபடம் போட்டு, நெனானாவிலிருந்து நோம் வரை ஒவ்வொரு பெயராகப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். நடுவில் எட்கர் நோல்னர் என்று ஒரு பெயர் வரும். 24 மைல் ஓட்டித் தன் சகோதரர் ஜார்ஜிடம் மருந்தைக் கொடுத்தவர். ஜார்ஜ் கொண்டுபோய்க் கொடுத்தது சார்லி இவான்ஸிடம். இருபது பேரில் கடைசியாக உயிரோடிருந்தவர் எட்கர்தான். 1999-இல், தன் 94-வது வயதில் இறந்தார்.

அன்புடன்.