கிருமிக்கொல்லி சோப்பு வீட்டுக்குத் தேவையா? கேள்வி பதில்

கேள்வி: மேடம், கிருமியைக் கொல்லும் சோப்புக்கும் சாதாரண சோப்புக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: கையிலுள்ள கிருமியைச் சோப்பு கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எண்ணெய்ப் பசையோடு சேர்த்துப் பெயர்த்துவிட்டால் போதும், தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். 20 விநாடி நன்றாகத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். கிருமிக்கொல்லி சோப்பில் ட்ரைக்ளோசான் போன்ற வேதிப்பொருட்களைச் சேர்ப்பதால் கூடுதல் பலன் உண்டா என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தயாரிப்பாளர்களிடம் ஆதாரம் கேட்டது. போதுமானது வரவில்லை. ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருட்களைக் கை கழுவும், குளிக்கும் சோப்புகளில் சேர்க்கக்கூடாது என்று 2016-இல் விதி போட்டது.

கேள்வி: பலன் இல்லை, சரி. கெடுதல் உண்டா?

பதில்: எனக்குப் பெரிய கவலை மருந்து எதிர்ப்புதான், அதாவது கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவது. ட்ரைக்ளோசான் கண்டதையும் எரிக்கும் அமிலம் மாதிரி வேலை செய்வதில்லை. பாக்டீரியா கொழுப்பு தயாரிக்கத் தேவையான ஒரு நொதியைக் குறிவைத்து முடக்குகிறது. இது 1998-இல் தெரியவந்தது. காசநோய் மருந்தான ஐசோனியசிட் தாக்குவதும் அதே வகை நொதியைத்தான். அந்த நொதி மாறிப்போன பாக்டீரியா இரண்டுக்குமே தப்பிக்க வழியுண்டு. உயிர் காக்கும் மருந்துகளின் கூர்மையைக் குளியலறையில் மழுங்கடிக்கலாமா? அப்புறம், எலிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்ததில் தைராய்டு ஹார்மோன் குறைந்தது. மனிதர்களிடம் அந்த அளவுக்கு உறுதியான முடிவு இல்லை.

கேள்வி: கழுவிய நீர் சாக்கடைக்குத்தானே போகிறது?

பதில்: அங்கேயே நின்றுவிடுவதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் பெரும்பகுதி நீங்கினாலும், ஒரு பங்கு கசடில் தங்குகிறது, மிச்சம் ஆற்றில் கலக்கிறது. நீர்ப்பாசிகளுக்கு இது நஞ்சு. மீன் வரைக்கும் உணவுச் சங்கிலி அந்தப் பாசியில்தான் தொடங்குகிறது. வெயில் பட்டால் ட்ரைக்ளோசானில் ஒரு பகுதி டையாக்சின் என்ற நச்சு வகையைச் சேர்ந்த சேர்மமாகவும் மாறுகிறது.

கேள்வி: அப்படியானால் சானிடைசரும் வேண்டாமா?

பதில்: அது வேறு. குறைந்தது 60 சதவீத ஆல்கஹால் உள்ளது நல்லது, ஆவியாகிப் போய்விடும். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸுக்கு அது சரியாக வேலை செய்யாது, சோப்புதான் வேண்டும்.

கேள்வி: லேபிளில் ட்ரைக்ளோசான் இல்லை என்றால் நிம்மதியாக வாங்கலாமா?

பதில்: பென்சல்கோனியம் குளோரைடு, குளோராக்சிலினால் என்ற வேறு கிருமிக்கொல்லிகள் இருக்கிறதா பாருங்கள். அந்த 2016 விதியில் இவற்றின் மீதான முடிவைத் தள்ளிவைத்திருந்தார்கள். தினமும் கிருமிக்கொல்லித் திரவங்களைத் தெளித்துச் சுத்தம் செய்பவர்களிடம் ஆஸ்துமா அதிகம் காணப்படுகிறது. அதனால் தெளிப்பானை விட்டுவிட்டுத் துணியில் நனைத்துத் துடையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டில் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர் இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள்.